ஒன்பது நாள் பொய்த் தண்ணீர்

அட்டாளைச்சேனை றிஸ்மியைச் சும்மா சொல்லக் கூடாது, கைவேலையில் கெட்டிக்காரன். வயலில் பதினான்கு இடத்தில் கம்பி நட்டு, தண்ணீர் மட்டத்தைப் போனுக்கு அனுப்புகிற பெட்டிகளைப் பொருத்தியவன் அவன்தான். பதினான்குக்கும் ஒரே பாஸ்வேர்ட். அதையும் மறந்துபோகுமென்று ஒவ்வொரு மூடிக்குள்ளும் எழுதி ஒட்டியிருந்தான். பூட்டைப் போட்டுத் திறப்பைப் பூட்டிலேயே தொங்கவிட்ட வேலை!

“சாச்சா, இனி சைக்கிளை உழக்கிக்கொண்டு வாய்க்கால் வாய்க்காலா அலையத் தேவல்ல. போனைப் பாத்துக் கதவைத் திறங்க, மூடுங்க” என்று, தண்ணீர் முறை பார்க்கிற வட்டவிதானை சீனிமுகம்மதிடம் சொன்னதும் அவன்தான். மனிசன் நம்பினார்.

சிறுபோக நெல் நிற்கிற காலத்தில் ஏழாம் பெட்டி களவு போனது. அப்படியென்றால் மற்ற எல்லாப் பெட்டிக்கும் பாஸ்வேர்ட் மாற்ற வேண்டும். றிஸ்மிக்கு இது தெரியாததா? நாலு நாள் சேற்றில் இறங்கச் சோம்பல். புதுப் பெட்டி ஒன்றைப் பொருத்தி, பழைய பாஸ்வேர்டையே போட்டுவிட்டு வந்துவிட்டான்.

எடுத்தவன் மூடிக்குள் இருந்ததை வாசித்தான். பிறகென்ன, தன் வயலுக்குக் கூடுதலாகத் தண்ணீர் வரட்டுமென்று கடைசி வயல் பெட்டிகளின் பெயரில் பொய் அனுப்பினான். ஒன்பது நாளும் போனில் ‘தண்ணீர் நிறைவு’ என்றே வந்தது. சீனிமுகம்மது கடைசிக் கதவைத் திறக்கவேயில்லை. கடைசி வயல்காரி றாஹிலாவின் இரண்டு ஏக்கர் நெல், கதிர் வெளியே தள்ளுமுன் குடலைப் பருவத்திலேயே கருகிப்போனது.

“வட்டவிதானை மேல்வயல்காரருக்குத் தண்ணியத் திருப்பிட்டார்” என்று வயல்காரர் கூட்டத்தில் சத்தம் போட்டார்கள்.

“போன் நிறைவெண்டுதான் காட்டிச்சி” என்றார் சீனிமுகம்மது. எல்லாரும் றிஸ்மியைப் பார்த்தார்கள்.

“மெசின் பொய் சொல்லாது சாச்சா” என்றான் அந்தப் படுபாவி. சொல்லும்போதே அவனுக்கு ஏழாம் பெட்டி நினைவுக்கு வந்தது. அன்றோடு சீனிமுகம்மதின் பதவியும் போனது, பெயரும் போனது.

றிஸ்மி வீட்டுக்கு வந்து பதிவுகளைக் கிண்டினான். ஒன்பது நாளும் ஏறாமல் இறங்காமல் ஒரே இலக்கம். களவு போன பெட்டியின் வேலைதான்! அடுத்த நாலு நாளும் சேற்றில் நின்று, பெட்டிக்கொரு பாஸ்வேர்ட் போட்டான். ஒரு பெட்டியின் பெயரில் இன்னொன்று கதைக்க முடியாதபடி செய்தான். பெட்டிகளுக்குக் காவல் வந்துவிட்டது. அவனுக்குத்தான் சோறு இறங்கவில்லை. தொழ நின்றாலும் “பொய் சொல்லாது” என்ற தன் குரலே காதில் விழுந்தது.

வியாழக்கிழமை பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு சீனிமுகம்மது வீட்டுக்குப் போனான். புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு இருந்தார்.

“வா மகன். கல்முனைக்குப் போய்க் கண்ணைக் காட்டினன். மெசின் பொய் சொல்லாதெண்டாய். அப்ப நான்தான் பிழையாப் பாத்திருப்பன். பாவம் றாஹிலா, அவட வயித்தில அடிச்சிட்டன்.”

றிஸ்மிக்கு அழுகை வந்துவிட்டது. மூடிக்குள் ஒட்டிய தாளில் தொடங்கி ஒன்றையும் ஒளிக்காமல் சொன்னான். “பிழை என்ட சாச்சா. நாளைக்கு ஜும்ஆத் தொழுகை முடியப் பள்ளிவாசல்ல எழும்பி எல்லாருக்கும் சொல்லுவன். றாஹிலாட வீட்டுக்கும் போவன்.”

சீனிமுகம்மது கண்ணாடியைக் கழற்றினார். ஏசப்போகிறார் என்று றிஸ்மி தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

“அப்ப என்ட கண்ணில பிழையில்லையா மகன்?” என்று மட்டும் கேட்டார்.