தங்கா பத்து சந்தியில் ஒரு டிக் டிக்

காரில் எல்.இ.டி. சிக்னல் பல்பு மாட்டியதும் விளக்கு படபடவென்று அடித்தால் யாரும் பதற வேண்டாம். எல்.இ.டி. இழுக்கிற கரண்டு குறைச்சல். விளக்கை விட்டு விட்டு எரிய வைக்கும் பழைய ஃப்ளாஷர் ரிலே, ஒரு பல்பு அவுட் என்று தானே முடிவு கட்டி வேகமாக அடிக்கும். எல்.இ.டி.க்கு ஏற்ற ரிலேயை மாற்றினால் சரியாகிவிடும். கார் வயரிங்கிலேயே தலை நரைத்த நான், தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன். லெட்சுமி அக்கா விஷயத்தில் இந்த அறிவு என்ன பாடுபட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அக்கா எங்கள் தங்கா பத்து தாமான் குடியிருப்பில் இருப்பவர். கணவர் சுப்பையா அண்ணனுக்கு வாரம் மூன்று முறை மலாக்கா டவுனில் டயாலிசிஸ். அண்ணனுக்குக் கண் மங்கிய பிறகு அக்காதான் காடி ஓட்டுகிறார். பிள்ளைகள் சிங்கப்பூரில், வேறு ஆள் கிடையாது. தொல்லை ஒன்றே ஒன்று: தாமானிலிருந்து மெயின் ரோட்டுக்கு வலது பக்கம் திரும்பும் சந்தி. சுங்கை ஊடாங் சுத்திகரிப்பு ஆலையின் எண்ணெய் லாரிகள் வந்துகொண்டே இருக்கும். அக்கா சிக்னல் போட்டுவிட்டுச் சிலையாக உட்கார்ந்துவிடுவார். பின்னால் நிற்பவர்கள் ஹார்ன் அடித்தே ஓய்ந்துபோவார்கள். அண்ணன் தாமதமாகப் போய், ஊசி குத்திக்கொள்வதற்கு முன் நர்ஸிடம் திட்டு வாங்குவார்.

ஒருநாள் பேட்டரி பார்க்க வந்தார்கள். அண்ணன் ஆன்லைனில் வாங்கிய எல்.இ.டி. பல்புகளை எதிர்வீட்டுக்காரர் மாட்டிக் கொடுத்திருந்தார். சிக்னல் பேய் பிடித்ததுபோல டிக்டிக்டிக்டிக் என்று அடித்தது.

"ரிலே மாத்திடலாம் அக்கா. சின்ன வேலைதான்."

"ஐயோ, வேணாம் தம்பி! இது வந்தப்புறந்தான் லாரிக்காரன்லாம் எனக்கு வழி விடுறான். இந்தம்மா ஏதோ அவசரமா போவுதுன்னு நெனச்சு நின்னுடுறான் லா."

எண்ணெய் லாரிக்காரன் நின்று வழி விடுவதாவது! எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் அண்ணன் நேரத்துக்குப் போய்ச் சேருகிறார் என்றார்கள். விட்டுவிட்டேன்.

பிறகு ரோட் பிளாக்கில் ஒரு போலீஸ்காரர் நிறுத்தி, சிக்னல் இப்படி அடித்தால் அடுத்த தடவை சம்மன் என்று எச்சரித்து அனுப்பினார். அக்கா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார். ரிலே மாற்றினேன். சிக்னல் ஆற அமர, சட்டப்படி அடித்தது. நல்ல வேலை செய்தோம் என்று எனக்குப் பெருமைதான்.

அந்த வாரமே கடை வாசலில் அக்காவின் காடி.

"என்னா செஞ்சி வெச்சீங்க தம்பி? ஒருத்தனும் வழி விட மாட்றான். இன்னிக்கும் லேட்டு. லேட்டா போனதால அவருக்கு டயாலிசிஸ் நேரத்தைக் கொறைச்சிட்டாங்க. பாருங்க, காலு எப்படி வீங்கிக் கெடக்குன்னு!"

பின் சீட்டில் அண்ணனின் காலைப் பார்த்தேன். பெருமையெல்லாம் போய்விட்டது. "நீங்க ஓட்டுங்கக்கா, நானும் வரேன்" என்று முன் சீட்டில் ஏறினேன்.

சந்தியில் நின்றோம். டிக்... டிக்... டிக். லாரி போனது. அடுத்த லாரி வெகு தூரத்தில். பஸ்ஸே திரும்பலாம், அவ்வளவு இடம். அக்கா நகரவில்லை. இன்னொரு இடைவெளி வந்தது, அதுவும் போனது. இடதுபக்கமும் காலி, வலதுபக்கமும் காலி. அக்கா மட்டும் யாரோ கூப்பிடக் காத்திருப்பவர்போல உட்கார்ந்திருந்தார்.

பொறுமை போய், அடுத்த முறை ரோடு காலியானதும் டாஷ்போர்டில் விரலால் தட்ட ஆரம்பித்தேன். டிக்டிக்டிக்டிக்.

அக்கா இரண்டு பக்கமும் பார்த்தார். காடி சர்ரென்று திரும்பியது.

"பாத்தீங்களா, விட்டுட்டான்!" என்றார் அக்கா.

விடுவதற்கு அங்கே ஒரு சைக்கிள்கூட இல்லை. பின் சீட்டில் அண்ணன் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

சிக்னல் விளக்கு வெளியே இருப்பவர்களுக்கு என்றுதான் நான் தொழில் பழகியிருந்தேன். உள்ளே கேட்கிற சத்தத்தை நம்பி வண்டி எடுப்பவர்களும் உண்டு. இப்போதெல்லாம் ரிலேயில் கை வைக்கும் முன் கஸ்டமரோடு ஒரு சுற்று போய்வருகிறேன்.

அன்று முதல் அண்ணன் முன் சீட்டில்தான் உட்காருகிறார். சந்தி வந்ததும் மோதிரம் போட்ட விரலால் கதவில் தட்டுகிறார். அவர் கண்ணுக்கு லாரி தெரியாது, தட்டிக்கொண்டே இருப்பார். பார்த்துத் திரும்புவது அக்கா வேலை. கால் வீக்கம் வடிந்துவிட்டது.

போன வாரம் பசாரில் அக்காவைப் பார்த்தேன்.

"தம்பி, லாரிக்காரனுங்க திருந்திட்டானுங்க லா. இப்ப சாதாரண சிக்னலுக்கே வழி விடுறானுங்க."

"ஆமாக்கா, நானும் கவனிச்சேன்" என்றேன்.