குறும்படத்துக்காக நான் செத்த கதை

குறும்படம் எடுப்பதைவிட அதைத் திட்டமிடுவதுதான் பெரிய தொழில். அது நம் வீட்டுக் கூடத்தில் நடந்தால் காபி போடுவது நமக்குத் தொழில். விஸ்காம் படிக்கும் பிள்ளையைப் பெற்ற தாய்மார்களுக்கு இது புரியும். மற்றவர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

என் மகள் யாழினிக்குக் கடைசி வருஷம். வகுப்பில் எல்லோரும் கதைத் திட்டம் கொடுக்க வேண்டும். சார் தேர்ந்தெடுக்கும் சில பேர்தான் டைரக்டர். மற்றவர்கள் அவர்களுக்கு எடுபிடி. போன வருஷம் யாரோ ஒருத்தன் படத்துக்கு வெயிலில் நின்று, நடிகர் முகத்தில் வெளிச்சம் விழத் தெர்மாகோல் அட்டை பிடித்துக் கறுத்துப்போய் வந்தவள், இந்த முறை டைரக்டர் ஆகியே தீர்வது என்று நின்றாள். துணைக்கு அரியலூர்ப் பையன் பிரவீன், கேமராமேன்.

அலாரம்

முதல் காட்சியில் அலாரம் அடிக்கும். ஹீரோ அதைத் தட்டி அணைப்பான், பல் தேய்ப்பான், கண்ணாடியில் முகத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பான். முக்கால்வாசிப் படம் அங்கேயே முடிந்துவிடும் போலிருந்தது. "எதுக்குப்பா இவ்வளவு நேரம் பல் தேய்க்கிறான்?" என்று பிரவீனைக் கேட்டேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் பொறுமையாகச் சொன்னான்: "அப்பதாங்க ஆன்ட்டி ஷார்ட் ஃபிலிம் ஆரம்பிச்சிருச்சுன்னு ஜனங்களுக்குத் தெரியும்."

அம்மா

ஹீரோ சோகமாக இருக்க வேண்டும். காரணம் தேடினார்கள். காதல் தோல்வி என்றால் கதாநாயகி வேண்டும். அதற்கு யாரும் சம்மதிக்கவில்லை. ஆகவே அம்மாவைக் கொன்றுவிட்டார்கள். அடுப்படியில் இருந்தபடி, "ஏன்டி, அம்மா இருந்தா என்ன கெட்டுப்போச்சு?" என்றேன். பெற்ற மகள் தலையைக்கூட நிமிர்த்தாமல் சொன்ன பதில்: "நீ இருந்தா அவன் எழுந்ததும் காபி குடுத்துடுவம்மா, கதை நகராது."

பள்ளம்

சோகமான ஹீரோ ஓர் அகலமான இடத்தில் நமக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டுமாம். இடம் பார்க்க அரியலூர்ப் பக்கம் கைவிடப்பட்ட சுண்ணாம்புக்கல் குவாரிக்குக் கூட்டிப் போனான் பிரவீன். காவலுக்கு நானும் போனேன். போகும் வழியில் சிமென்ட் லாரிகள் கிளப்பிய புழுதியில் என் நீலப் புடவை எந்த நிறமென்று எனக்கே மறந்துவிட்டது. ஹீரோ இன்னும் கிடைக்காததால் பிரவீனே விளிம்புக்கு முன்னால் நின்று பள்ளத்தை வெறித்தான். அந்தப் பக்கம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெண் வெகுநேரம் பார்த்துவிட்டுக் கிட்டே வந்து, அவளும் எட்டிப் பார்த்தாள். "என்ன தம்பி, ஆடு உள்ள விழுந்துடுச்சா?"

மாலை

நான் கடைவீதிக்குப் போயிருந்த நேரத்தில் 'டெஸ்ட் ஷாட்' எடுத்திருக்கிறார்கள். அதாவது, கல்யாணத்தன்று என்னைத் தனியாக எடுத்த போட்டோவை ஆணியில் மாட்டி, சந்தன மாலை போட்டு, சிவப்பு பல்பையும் எரியவிட்டிருக்கிறார்கள். அதன் கீழே யாழினி உட்கார்ந்து அழுது காட்டியிருக்கிறாள். எதிர் வீட்டு மல்லிகா தோசை மாவு வாங்க வந்தவள் வாசலில் இருந்தே எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆனால் துக்க வீட்டில் போயிட்டு வரேன் என்று சொல்லக் கூடாதே, சொல்லாமலே திரும்பிவிட்டாள்.

காய்கறிப் பையோடு நான் தெருவில் நுழைந்தபோது மல்லிகா ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டு நின்றாள். என்னைப் பார்த்ததும் துண்டு கீழே விழுந்தது. அப்புறம் பயம் போய்க் கோபம் வந்தது. "உசுரோடதான் இருக்கீங்களாக்கா? இந்தத் தண்ணிக் கஷ்டத்துல உங்களுக்காகத் தலைக்குக் குளிச்சிட்டேனே!"

தீர்ப்பு

வெள்ளிக்கிழமை சார் திட்டத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "இந்த கிளாஸ்ல ஒருத்தனும் அம்மாவை உயிரோட விடமாட்டீங்களா?" என்று கேட்டாராம். திங்கட்கிழமை ஒரு கடைசி வாய்ப்பு. யாழினி சாப்பிடவில்லை. பிரவீன் போன் அடித்தும் எடுக்கவில்லை. "தெர்மாகோல்தாம்மா எனக்கு" என்றவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஆறுதல் சொல்லத்தான் தோசைத் தட்டோடு பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ஆனால் என் வாயில் ஆறுதல் வராது, ஏச்சுதான் வரும். "அலாரம், கண்ணாடி, பள்ளம்! ஊர்ல இருக்கறவன் எடுத்ததையே எடுத்தா வேற என்ன சொல்லுவாங்க? எதிர் வீட்டுலயே மல்லிகா எனக்குத் தலை முழுகுனாளே, அதை எடேன்டி!"

மெதுவாக எழுந்து உட்கார்ந்தாள். ஆறிப்போன தோசையைத் தின்றுகொண்டே எழுத ஆரம்பித்தாள்: கடைக்குப் போன அம்மா திரும்பி வருகிறாள், தெருவே அவளுக்காகத் துக்கம் கொண்டாடுகிறது. திங்கட்கிழமை சார் படித்துவிட்டுச் சிரித்தாராம். கையெழுத்துப் போட்டுவிட்டு ஒரே ஒரு நிபந்தனை வைத்தாராம்: "எடுங்க, ஆனா கடைசியில எல்லாம் கனவுன்னு மட்டும் முடிச்சிடாதீங்க."

நடிகை

அம்மா வேஷம் எனக்குத்தானே? ஆனாலும் ஆடிஷன் உண்டு என்றார்கள். கான்வென்ட் கிறிஸ்துமஸ் நாடகத்தில் தேவதூதராக நின்றவள் நான். அதே மாதிரி நிமிர்ந்து நின்று, ஒவ்வோர் எழுத்தும் தெளிவாக விழ வசனம் சொன்னேன். பிரவீன் நெளிந்தான். "தப்பா நெனைக்காதீங்க ஆன்ட்டி, நீங்க அம்மா மாதிரியே இல்லீங்க" என்றான். டைரக்டர் வேறு பக்கம் பார்த்தாள்.

வேஷம் மல்லிகாவுக்குப் போய்விட்டது. சேலை இரவல் கேட்க வந்தவள் என் தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனாள்: "கவலையே படாதீங்கக்கா, உங்க சிடுசிடுப்பை அப்படியே கொண்டாந்துடறேன்."

ஆக, மகளின் படத்துக்காகச் செத்து, பிழைத்து, கடைசியில் என் வேஷத்தையும் எதிர் வீட்டுக்காரியிடம் பறிகொடுத்த எனக்கு மிஞ்சியது, ஷூட்டிங் அன்றைக்கு எல்லோருக்கும் எலுமிச்சை சாதம் கட்டிக் கொடுக்கும் வேலைதான்.