வானத்திலும் குழாய் திறந்திருக்கிறது

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். நேற்று சாயத் தொட்டியில் தண்ணீர்க் குழாயை மூட மறந்து, மெரூனை வெளுக்க வைத்தவன் நான்தான்.

இன்று துணி வாங்கும் கம்பெனியில் கலர் ஓகே ஆகாவிட்டால் ஆர்டரே போய்விடும். அவசரமாக மறுபடி சாயம் போட்டு, சரியாக அலசாத சாம்பிள் துணியை மடியில் வைத்துப் பல்லடம் பஸ்ஸில் போனேன்.

பக்கத்து சீட்டு டீச்சர் மகளுக்குப் பாடம் நடத்தினார். "கேலக்ஸிக்குள்ள நட்சத்திரங்க இரும்பு, ஆக்சிஜனெல்லாம் சமைக்கும் கண்ணு. வெளிய இருந்து புது வாயு விழுந்தா அந்தக் கலவை நீர்த்துப் போயிரும்."

"ஏனுங்க டீச்சர், அங்கயும் குழாயை மூட மறந்துட்டாங்களா?"

"மூடுனா புது நட்சத்திரமே பொறக்காதுங்க."

"இதை எங்க மொதலாளிகிட்டச் சொல்லுங்க. நேத்திருந்து காது கிழியுது."

டீச்சர் சிரித்தபடி தண்ணீர் பாட்டிலைத் திறந்தார். டிரைவர் பிரேக் போட்டார். தண்ணீர் முழுக்க என் மடியில்.

சாம்பிள் வெளுத்துவிட்டது. என் வெள்ளை வேட்டியில் மெரூன் சரியாக ஏறியிருக்கிறது. கம்பெனியில் வேட்டியைக் காட்டலாமா, யாராவது சொல்லுங்கள்.