முகரக் கூடாத ரோஜா

எங்கள் வீட்டுத் தோட்டத்தில் சென்ற மாதம் ஒரு தும்மல் நடந்துவிட்டது.

தும்மல் வரும், போகும்... நடக்குமா என்று கேட்பீர்கள். கலியாணம் நடக்கிறது, விபத்து நடக்கிறது, இல்லையா? அந்த ரகத் தும்மல் இது.

காகிதத் தட்டுப்பாடு, ஒரு பக்கத்துக்கு மேல் போகாதீர் என்று பத்திரிகை ஆசிரியர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். ரோஜாவைப் பற்றிச் சுருக்கமாக எழுதிவிடலாம். கம்பவுண்டர் சுப்பராயலுவைப் பற்றிச் சுருக்கமாக எழுத முடியாது. ஆசிரியர் மன்னிக்க வேண்டும்.

ஜப்பான்காரன் சென்னையில் குண்டு போடப்போகிறான் என்று பட்டணமே மூட்டை கட்டியபோது நாங்களும் கட்டினோம். என் மனைவி கமலத்துக்குப் பிறந்த ஊர் பள்ளிப்பட்டு. அதற்குப் பக்கமாக இருக்கட்டும் என்று திருத்தணியில் வீடு பார்த்தோம். எங்களோடு ரயிலேறி வந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் போய்விட்டார்கள். நான் போகவில்லை. பயத்தினால் அல்ல. இந்த வீட்டுக்குப் பின்னால் ஒரு கிணறும் அரைக் கிரவுண்டு காலி இடமும் இருக்கின்றன. சென்னையில் எனக்கு இருந்த நிலபுலம் ஒரு துளசித் தொட்டி மட்டுமே!

இங்கே எனக்கு வாய்த்த செடிப் பைத்தியங்கள் இரண்டு பேர். ஒருவர் ஸ்டேஷன் மாஸ்டர். மற்றவர் கம்பவுண்டர். ஞாயிற்றுக்கிழமை காலையில் மூன்று பேரும் என் தோட்டத்தில் கூடுவோம். யார் யார் புதிதாக என்ன வாங்கினார்கள் என்று காட்ட வேண்டும். காட்டியதை மற்ற இருவரும் குறை சொல்ல வேண்டும். சங்கத்துக்கு வேறு விதி கிடையாது. உணவு உற்பத்தியைப் பெருக்குங்கள் என்று சர்க்கார் ஊர் ஊராகப் போர்டு வைத்திருக்கிறது. நாங்கள் க்ரோட்டன்ஸ் பெருக்கிக்கொண்டிருக்கிறோம். யுத்தத்தில் ஜெயித்தால் அதற்கு நாங்கள் பொறுப்பல்ல.

ஸ்டேஷன் மாஸ்டர் எதை வாங்கினாலும் ஒரு மாதத்தில் போய்விடும். பிளாட்பாரத்தில் வைப்பதற்கென்று ஒரு விசிறிப் பனைக் கன்று வாங்கினார். சந்தைக்குப் போகிற யாரோ அதில் ஆட்டைக் கட்டிவிட்டு டிக்கெட் வாங்கப் போய்விட்டார்கள். டிக்கெட் வாங்கித் திரும்புவதற்குள் ஆடு பனையை முடித்துவிட்டது. “தவறிடுச்சு சார்” என்றார் அடுத்த ஞாயிற்றுக்கிழமை. ரயில் லேட் என்று சொல்கிற அதே குரல்.

கம்பவுண்டர் சுப்பராயலு வேறு மாதிரி. அவருக்கும் பள்ளிப்பட்டுதான். கமலம் பிறந்த அதே தெரு. அதனால் கமலம் அவருக்கு அக்கா, நான் பாவா. தெருவழி வந்த மைத்துனன் என்ற உரிமையில் என் செடிகளை அவர் திட்டுகிற திட்டுக்கு அளவில்லை.

இந்தப் பங்குனியில் அவர் ஊட்டியிலிருந்து ஒரு செடி வரவழைத்தார். கூடையில் வைத்து, பாசி சுற்றி, ரயில் பார்சலில் வந்தது. ஹைட்ராஞ்சியாவாம். நீலநிறத்தில் பந்து பந்தாகப் பூக்குமாம். திருத்தணி வெயில் உங்களுக்குத் தெரியாது. மலைப்பாறையில் மாவை ஊற்றினால் தோசை வரும். அந்த வெயிலில் ஊட்டிச் செடி.

கம்பவுண்டர் அசரவில்லை. செடியைச் சுற்றி நாலு கம்பு நட்டு, சாக்குகளைத் தொங்கவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் ஒரு தரம், சாப்பிட வந்தபோது ஒரு தரம், விளக்கு வைக்கிற நேரத்தில் ஒரு தரம் நனைத்தார். சோடாக்கடைக்கு மரத்தூளில் புதைத்து வருகிற ஐஸ் கட்டியில் பாதியை வாங்கி வந்து தொட்டியைச் சுற்றி அடுக்கினார். கமலத்திடம் அவர் மனைவி வந்து சொன்னது: “எனக்குக் காய்ச்சல் வந்தப்போ இந்த மனுசன் நெத்தியில ஒரு துணி நனைச்சிப் போடல அக்கா. அந்தச் செடிக்கு இன்னாடான்னா கவர்னர் துரை உபசாரம்.”

செடி பிழைத்தது. மொட்டும் கட்டியது. கம்பவுண்டரைக் கையில் பிடிக்க முடியவில்லை.

“ஊட்டிப் பூவுக்கு வாசனை இருக்குது பார் பாவா, அது மல்லி மாதிரி வந்து மூக்குல முட்டாது. மெல்லிசா வரும். நல்லது கெட்டது தெரிஞ்ச மூக்குக்குத்தான் அது புரியும்” என்று சொல்லிவிட்டு என் மூக்கைப் பார்த்தார்.

அதே சமயத்தில்தான் நான் சென்னைக்குப் போயிருந்தபோது ஒரு ரோஜாச் செடி வாங்கி வந்திருந்தேன். கருஞ்சிவப்பு. ஒரு பூ பூத்தால் தெருவே மணக்கும் என்று விற்றவன் சத்தியம் செய்தான். கம்பவுண்டர் இலையைக் கிள்ளிப் பார்த்தார், முள்ளைத் தடவிப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார்.

“உன்னை ஏமாத்திட்டானுங்க பாவா. இது காயிதப் பூ. கலர் இருக்கும், வாசனை இருக்காது.”

என்னிடம் சொன்னதோடு நிறுத்தியிருக்கலாம். மருந்துக்கு வந்தவர்களுக்கெல்லாம் மிக்ஸ்சரோடு என் ரோஜாவின் சேதியையும் கலந்து கொடுத்திருக்கிறார். வெற்றிலைக் கடைக்காரர் பாக்கை எடுத்துக் கொடுத்துக்கொண்டே, “வாசனை வந்துச்சிங்களா?” என்று கேட்கிறார். மொட்டே வரவில்லையே ஐயா, வாசனை எங்கிருந்து வரும்?

பிறகு மொட்டு வந்தது. ஆனால் அதற்குள் வீட்டு நிலைமை மாறிவிட்டது.

எங்கள் ஒரே பெண் சரோஜா தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். ஒரு நாள் நர்ஸம்மா வந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “கொழந்த குறுக்கால கெடக்கற மாதிரி இருக்குது. பாக்கலாம்” என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தப் “பாக்கலாம்” என்ற ஒரு சொல்லுக்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. கமலம் அழவில்லை. நேரே தோட்டத்துக்குப் போனாள். மலையைப் பார்த்து நின்று, ரோஜாவில் வருகிற தலைப்பூ முருகனுக்கு என்று வேண்டிக்கொண்டு உள்ளே வந்தாள்.

புதுச்செடியின் தலைப்பூவை மலைக்குக் கொடுப்பது இங்கே வழக்கம்தான். சாமிக்கு என்று வைத்த பூவை யாரும் முகரக் கூடாது என்பதும் உங்களுக்குத் தெரிந்ததே. முகர்ந்தால் எச்சில். அப்புறம் அது சாமிக்கு ஆகாது.

என் சங்கடத்தை யோசித்துப் பாருங்கள். ஊரெல்லாம் வாசனை உண்டா இல்லையா என்று கேட்கிறது. உண்டு என்று காட்ட ஒரே ஒரு பூ. அதற்குப் பக்கத்தில் மூக்கைக் கொண்டு போனால் என் பெண்ணுக்கு வைத்த வேண்டுதல் கெட்டுவிடும். பெண் பிழைக்க வேண்டும் என்று தவித்த அதே நெஞ்சில், கம்பவுண்டர் முகத்தில் கரி பூச வேண்டும் என்ற ஆசையும் ஓர் ஓரமாக உட்கார்ந்திருந்தது. வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை. பூ விரிந்திருந்தது. சங்கம் கூடியது. மூன்று பேரும் மூன்று முழம் தள்ளி, சுவாமி சந்நிதியில் நிற்பதுபோல் நின்றோம்.

“காத்து தானா கொண்டாந்து மூக்குல போட்டா அது மோந்ததுல சேருமா?” என்று ஸ்டேஷன் மாஸ்டர் சட்டம் கேட்டார்.

சமையலறை ஜன்னலிலிருந்து கமலத்தின் குரல் வந்தது. “காத்து மேல தப்பில்ல. மூக்க நீட்டினா தப்பு.”

காற்றுக்குக் காத்திருந்தோம். சித்திரை முடிந்து வைகாசியும் பாதி போய்விட்டது. காற்றாவது, அசைவதாவது? கம்பவுண்டருக்குப் பொறுமை போய்விட்டது. “கலரை மட்டும் பாக்கறேன்” என்று குனிந்தார். இரண்டு மாதமாக ஈரச் சாக்கோடும் ஐஸ் கட்டியோடும் குடித்தனம் நடத்தியதில் மனிதருக்கு மூக்கு முழுக்க ஜலதோஷம். குனிந்தார்... நிமிரவில்லை. முகம் கோணியது.

தும்மிவிட்டார்.

ரோஜா ஆடி நின்றது. நாங்களும் நின்றோம். கமலம் கரண்டியோடு வெளியே வந்தாள்.

“நான் மோக்கல அக்கா. சத்தியமா மோக்கல. தும்மல் வந்துகினு இருந்துது, வந்திடுச்சி.”

“தும்மறதுக்கு முந்தி மூச்ச இழுத்தியா இல்லியா?”

கம்பவுண்டர் மருத்துவ சாஸ்திரம் ஓரளவு தெரிந்தவர். மூச்சை இழுக்காமல் தும்ம முடியாது என்பது அவருக்கும் தெரியும்.

“இழுத்தேன்” என்றார் மெல்ல.

கமலம் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டாள். “அடுத்த மொட்டு இருக்கே” என்று நான் அசட்டுத்தனமாக ஏதோ சொன்னேன். “தலைப்பூ ஒண்ணுதாங்க” என்றாள். அப்போதுதான் அவள் கண்ணில் நீரைப் பார்த்தேன். கம்பவுண்டர் குடையைக்கூட எடுக்காமல் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் திரும்பி வந்தார். கையில் பித்தளைத் தாம்பாளம். அதன் மேல் ஒரு வாழையிலை மூடியிருந்தது.

“இன்னா தம்பி இது?” என்றாள் கமலம்.

“ஊட்டிப் பூ. இன்னிக்குத்தான் முழுசா வந்துது. அதுவும் தலைப்பூதான் அக்கா. அறுத்துட்டேன்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இரண்டு மாத ஐஸ், சாக்கு, மனைவியின் பேச்சு, எல்லாம் அந்த ஒரு பூவுக்காக. இன்னும் ஊரில் ஒருவருக்கும் காட்டக்கூட இல்லை.

கமலம் இளகிவிடவில்லை. “உன் செடிப் பூ உன் வேண்டுதலுக்கு. என் பொண்ணுக்கு எப்படி ஆவும்?”

“நான் யாரு அக்கா உனக்கு? உனக்குக் கூடப் பொறந்தவன் ஒருத்தனும் கெடையாது. சரோஜாவுக்குத் தாய்மாமன் சீருன்னு ஒண்ணு வேணுமா வேணாமா? நான் செய்யாம எவன் வந்து செய்வான்?”

தாய்மாமன் என்று ஒருவன் வந்து நின்றுவிட்டால் அப்புறம் எந்தச் சாஸ்திரம் வாய் திறக்கும்? கமலம் இலையை விலக்கினாள். சின்னப் பூசணிக்காய் அளவுக்கு ஒரு பூ. ஆகாச நீலம். அவளும் பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை.

“இது நெஜப் பூவா, காயிதமா?” என்று கேட்டுக்கொண்டே கமலம் அதைக் கையில் எடுத்தாள். எடுத்து... மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்துவிட்டாள்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அவள் அப்படியே சிலையாக நின்றாள். பூ இன்னும் மூக்கருகிலேயே இருந்தது. எங்கள் மூக்குகளையெல்லாம் காவல் காத்தவள் அவள். தன் மூக்குக்குக் காவல் போட மறந்துவிட்டாள்.

கம்பவுண்டர் தொண்டையைக் கனைத்தார்.

“அக்கா. அதுக்கு வாசனையே கெடையாது.”

“மெல்லிசா வரும்னு சொன்னியே.”

“சும்மா சொன்னேன். பாவா கிட்ட ஜம்பம். எலைக்கு இருக்கற வாசனகூட அதுக்குக் கெடையாது. இல்லாத வாசனைய எப்பிடி மோக்கறது? இது மோந்ததுல சேராது.”

கமலம் என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். அதைவிட வேகமாக என் ஆயுளில் நான் எதற்கும் தலையாட்டியதில்லை.

அப்போதே மலையேறினோம். தாம்பாளம் என் கையில். கம்பவுண்டர் என்னைவிட்டுப் பத்துப் படி தள்ளியே வந்தார். தும்மல் வரும்போதெல்லாம் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். சந்நிதியில் அந்த நீலப் பூவை அலங்காரத்தோடு சேர்த்து வைத்தபோது மனிதர் கையைக் கூப்பியபடி நிமிர்ந்தே பார்க்கவில்லை. என்ன வேண்டினார் என்று நான் கேட்கவில்லை.

அடுத்த சில நாளில் சரோஜாவுக்கு வலி எடுத்தது. நர்ஸம்மா உள்ளே போனார். நான் கிணற்றடிக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தேன். விடிகிற நேரத்தில் குழந்தையின் அழுகை கேட்டது. பெண் குழந்தை. குழந்தை தானாகவே திரும்பிக்கொண்டதாம். சில சமயம் அப்படி ஆகும் என்றார் நர்ஸம்மா. அவர் படித்தவர், அப்படித்தான் சொல்வார். நான் கிணற்றடிக்குப் போய் முகத்தை வாளித் தண்ணீரில் கழுவிக்கொண்டேன். நிறையக் கழுவ வேண்டியிருந்தது.

கம்பவுண்டர் வீட்டு ஊட்டிச் செடி, பூவை அறுத்த கையோடு தலை சாய்ந்துவிட்டது. என்ன நனைத்தும் எழுந்திருக்கவில்லை. சாக்குகளை அவிழ்த்து மடித்துவைத்துவிட்டார்.

போன ஞாயிற்றுக்கிழமை குழந்தையைப் பார்க்க வந்தார். கையில் ஒரு வெள்ளி அரைஞாண். என் ரோஜாவில் அன்று இரண்டாவது பூ விரிந்திருந்தது. யார் வேண்டுமானாலும் முகரலாம். நான் வாயைத் திறக்கவில்லை. கமலம்தான், “போய் மோந்து பாரு தம்பி” என்றாள். ஸ்டேஷன் மாஸ்டரும் கூடவே வந்தார்.

கம்பவுண்டர் குனிந்தார். மூச்சை நன்றாக இழுத்தார். கண்ணை மூடி, தலையை ஆட்டி, நிமிர்ந்தார்.

“ஒத்துக்கறேன் பாவா. தெருவே மணக்குது.”

எனக்குத் தலைகால் புரியவில்லை. அவர் அந்தப் பக்கம் போனதும் நானும் குனிந்து இழுத்தேன். ஒன்றுமில்லை. இன்னொரு தரம் இழுத்தேன். மண்வாசனை வந்தது. கமலம் வந்து முகர்ந்தாள், என் முகத்தைப் பார்த்தாள். பிறகு கம்பவுண்டர் காதில் விழும்படி, “ஆங், நல்ல வாசனைதான்” என்றாள். ஸ்டேஷன் மாஸ்டரும் முகர்ந்துவிட்டு, ரயில் சரியான நேரத்துக்கு வந்துவிட்டது போல, “நல்ல வாசனை சார்” என்றார்.

எங்கள் தெருவில் இப்போது அந்த ரோஜாவுக்கு நல்ல வாசனை.