வெந்த விதையும் வேலிமசாலும்

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் பாய்லர் ஓட்டியவன் நான். ஒரு டன் நீராவிக்கு எவ்வளவு எண்ணெய் எரியும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். இரண்டாயிரத்துச் சொச்சத்தில் அந்தத் திமிரே என் மானத்தை வாங்கியது.

புதுவாயல் பக்கம் எங்களுக்கு அரை ஏக்கர். மாட்டுக்காகத் தீவனப்புல் போட்டிருந்தோம். மோட்டாருக்குக் கரண்ட் கேட்டு எழுதிப் போட்டுவிட்டு டீசல் இன்ஜினோடு மல்லுக்கட்டிய காலம். மூன்று நாளைக்கு ஒரு தண்ணீர், அறுப்புக்கு அறுப்பு யூரியா. டீசல் செலவைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. தை மாதம், "ஆடிவரிக்கும் பால் கறக்கட்டும், கழிஞ்சதும் மாட்ட வித்துடலாம்" என்று சொல்லி, தரகரிடமும் சொல்லிவிட்டேன். என் மனைவி தாய்வீட்டிலிருந்து கன்றாக ஓட்டிவந்த மாடு அது. இரண்டு நாள் எனக்குச் சோறு வைத்துவிட்டு மாட்டுக்கொட்டகையிலேயே போய் உட்கார்ந்துகொண்டாள்.

மூன்றாம் நாள் பெரியபாளையம் கால்நடை முகாமுக்குப் போய் ஒரு விதைப் பொட்டலத்தோடு வந்தாள். வேலிமசால், பயறு இனத்தில் புது மாட்டுத் தீவனமாம். ஒருமுறை விதைத்தால் வருஷக்கணக்கில் வெட்டலாம். வேர் ஆழம் போவதால் தண்ணீர் குறைவு. காற்றிலிருக்கும் தழைச்சத்தை வேரே பிடித்துக்கொள்ளும், யூரியா வேண்டாம். யூரியா செய்யவும் எங்கோ எரிபொருள் எரியத்தானே செய்கிறது? அந்த வேலையைப் புகையில்லாமல், சத்தமில்லாமல் மண்ணுக்குள்ளேயே ஒரு செடி முடிக்கிறது என்றதும் பாய்லர்காரன் விழுந்துவிட்டேன்.

விதைத்தோல் கெட்டி. தண்ணீரைக் கொதிக்கவைத்து இறக்கி, கொஞ்சம் ஆறவிட்டு, அதில் விதையைப் போட்டு எடுக்கச் சொல்லியிருந்தார்கள் முகாமில். "சூட்டு சமாச்சாரம்லாம் எங்கிட்ட வுட்டுடு" என்றேன். அவள் யோசித்துப் பாதி விதையைத்தான் கொடுத்தாள்; மீதியை அவர்கள் சொன்னபடி அவளே நனைத்துத் தனிப் பாத்தியில் விதைத்தாள். நான் அதை அடுப்பிலேயே வைத்து, கடிகாரம் பார்த்துக் கொதிக்கவிட்டேன். எதையும் அரைகுறையாகச் செய்வது எனக்குப் பிடிக்காது.

பத்து நாளில் அவள் பாத்தி முளைவிட்டது. என் பாத்தி வெறும் மண். அவள் ஒரு விதையைத் தோண்டி விரலால் நசுக்கினாள். மாவாகப் போனது.

"வெதைச்சியாய்யா, சுண்டல் பண்ணியா? தேங்கா போட மறந்துட்டியே!"

கோபம் மூக்குமேல் வரும் ஆள் நான். அன்று வரப்பில் உட்கார்ந்து அவளோடு சேர்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தேன். மறுபடி விதை வாங்கி வந்தாள். இந்தமுறை தண்ணீர் தூக்கிக் கொடுத்ததோடு சரி, அடுப்புப் பக்கமே போகவில்லை.

சித்திரை வெயிலிலும் வேலிமசால் வாடவில்லை. புல்லைக் கால்வாசியாகக் குறைத்தோம். வாரத்தில் காலியாகும் டீசல் கேன் மாதக் கடைசிவரை வந்தது. மாடும் பளபளவென்று ஆகிவிட்டது. ஆடியில் மோட்டாருக்குக் கரண்டும் வந்தது.

ஆடி கழிந்தது. தரகர் சொன்ன சொல் தவறாமல் கயிறோடு வந்து நின்றார். என் மனைவி மாட்டின் கழுத்தில் கை வைத்தபடி என்னைப் பார்த்தாள்.

"வெறுங்கையோட போவாத நைனா" என்றேன். "அந்த டீசல் இன்ஜின வேணா இஸ்துக்கினு போ. மாடு எங்க ஊட்லயே இருக்கட்டும்."

அவருக்கு மோர் கொண்டுவர அவள் உள்ளே போனாள். நடந்து போனாள் என்றால் பொய், ஓடினாள்.