சாப்பிடாத கறிக்குச் சாட்சி

சர்வர் வேலைக்கு வயிறு கலங்காத ஆள் வேண்டும் என்பார்கள். யாங்கோனில் ஓர் அர்ஜென்டினா ஹோட்டல்காரர் தெரியாத்தனமாக என்னை எடுத்துவிட்டார். தட்டு ஏந்திப் பிழைத்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: கறி தீய்ந்துபோனால் சமைத்தவர் உள்ளே இருப்பார், முகத்தைக் காட்டிக்கொண்டு மேஜை பக்கத்தில் நிற்பது நாம்தான்.

தலையாட்டினேன்

யாங்கோன் ஓரத்து ஷ்வேப்யிதாவில் நான் துணி தைத்துக்கொண்டிருந்த தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். ஐந்து மாதம் வீட்டில் சும்மா இருந்து, எல்லோர் மீதும் எரிந்து விழுந்து, அதன் பிறகு கிடைத்தது இந்த வேலை. முதலாளி அர்ஜென்டினாக்காரர். வருஷத்தில் பாதி நாள் தன் ஊருக்குப் போய்விடுவார். பெரிய பெரிய மாட்டுக்கறித் துண்டுகளைக் கரி அடுப்பில் வாட்டிக் கொடுப்பதுதான் கடையின் பெருமை. தனக்குத் தெரிந்த பர்மியத்தில் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: நீ சாப்பிடாதது ஏதாவது உண்டா?

நான் யாங்கோனில் தாகேதா பகுதியில் பிறந்து வளர்ந்த தமிழ்ப்பெண். மாட்டுக்கறி எங்கள் வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வந்ததில்லை. ஆனால் ஐந்து மாதம் வேலையில்லாமல் இருந்தவளின் தலை தானாக ஆடும். எல்லாம் சாப்பிடுவேன் என்று ஆடியது.

வெளியே வந்ததும் மூத்த சர்வர் கோ ஜோ மீதியைச் சொன்னார். எனக்கு மூன்று மாதம் சோதனைக் காலம். அது முடிகிற வாரத்தில், முதலாளி இந்த வருஷம் புதிதாகக் கண்டுபிடித்த ஒரு பரீட்சை. பழையவர், புதியவர் எல்லோரும் அவர் முன்னால் ஒவ்வொரு துண்டையும் தின்று ருசியை விவரிக்க வேண்டும். அதைப் பார்த்துத்தான் எனக்கு நிரந்தரக் கடிதம். என் முகம் போன போக்கைப் பார்த்து, பர்மிய வழக்கப்படி என் பேருக்கு முன்னால் 'மா' போட்டு அவர் ஆறுதல் சொன்னார்: "கவலைப்படாதீங்க, மா செல்வி. மூணு மாசம் கழிச்சுக் கடையே இருக்குமோ என்னமோ."

மனப்பாடம்

கோ ஜோ நல்ல வாத்தியார். வாசியோ என்றால் அடிவயிற்றுப் பக்கத்துத் துண்டு, மேலே மொறுமொறுப்பு, உள்ளே சாறு. என்ட்ரானியா என்றால் நீளமான மெல்லிய துண்டு, வெண்ணெய் மாதிரி கரையும், கடைசியில் நாக்கில் கொஞ்சம் புகைவாசம் நிற்கும். தாகேதாவிலிருந்து வரும் பஸ்ஸில் இதையே முணுமுணுத்துக்கொண்டு வருவேன். ஜபம் செய்கிறேன் என்று நினைத்து ஒரு பெண்மணி நகர்ந்து இடம் கொடுத்தார். அப்போது எனக்கு அழுகையே வந்தது.

ஒரு நாள் டின்னருக்குக் கல்யாண நாள் கொண்டாட ஒரு ஜோடி வந்தது. மெனுவை மூடிவிட்டுக் கணவர் கேட்டார்: உங்களுக்கு இதில் எது பிடிக்கும்? ருசி எப்படி என்று கேட்டால் ஒப்பித்துவிடலாம். உனக்கு என்ன பிடிக்கும் என்று கேட்பது அநியாயம். கண்ணை மூடிக்கொண்டு என்ட்ரானியா என்றேன். வெண்ணெய், புகைவாசம் எல்லாவற்றையும் கொட்டினேன். தொண்டை வறண்டு எச்சில் விழுங்கியதை அந்த மனிதர் கவனித்துவிட்டார். மனைவியிடம் பெருமையாகச் சொன்னார்: "பாரு, சொல்லும்போதே இவங்களுக்கு வாய் ஊறுது."

ஞாயிற்றுக்கிழமை பிரஞ்ச்

சத்தம் போடும் வாடிக்கையாளரைக் கண்டு பயப்படாதீர்கள். வாய் திறக்காதவரைக் கண்டு பயப்படுங்கள். சொன்னால் எதிராளி மனம் சங்கடப்படுமே என்று பேசாமல் இருப்பதற்கு இந்த ஊரில் 'ஆனாதே' என்று பெயர். அது நல்ல குணம். சர்வரின் உயிரை வாங்கும் குணமும் அதுதான்.

ஒரு ஞாயிறு பதினோரு மணிக்கு, காலைச் சாப்பாடும் மத்தியானச் சாப்பாடும் ஒன்றாகும் பிரஞ்ச் நேரத்தில், எட்டுப் பேர் கொண்ட குடும்பம். கரண்ட் போய் ஃபேன் நின்றிருந்தது. முட்டையோடு கறித்தட்டைக் கொண்டுபோய் வழக்கப்படி குடும்பத்தில் மூத்தவர் முன்னால் முதலில் வைத்தேன். அவர் வெட்டினார். உள்ளே சிவப்பாக இருந்தது. கத்தியைக் கீழே வைத்து, தட்டை மரியாதையாக மருமகன் பக்கம் தள்ளினார். மருமகன் தன் தம்பிக்குத் தள்ளினார். தட்டு மேஜையை ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி பெரியவரிடமே வந்து சேர்ந்தது. மற்றபடி எல்லோரும் ரொட்டியும் சாலடும் தின்றார்கள். நல்லா இருக்கா என்று மூன்று தரம் கேட்டேன். மூன்று தரமும் ரொம்ப நல்லா இருக்கு என்று சிரித்தார்கள்.

நாலாவது தரம் கேட்கவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு நேரே அடுப்பைப் பார்க்கும் சமையல்காரர் ஊ தின்னிடம் போனேன். பதினைந்து வருஷமாகக் கரி அடுப்போடு வாழ்பவர். ஒன்றும் கேட்காமல் கறுக்கும்வரை வாட்டிக் கொடுத்தார். ஐந்தே நிமிஷத்தில் தட்டு காலி. கிளம்பும்போது அந்த வீட்டு அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார்: "முதல்ல வந்ததும் நல்லாத்தான் இருந்தது, தங்கச்சி. அப்ப யாருக்கும் பசியில்லை, அவ்வளவுதான்."

கோவில் அண்ணன்

எங்கள் அம்மன் கோவில் கமிட்டியில் ஓர் அண்ணன் இருக்கிறார். தீமிதிக்கு முன்னால் யார் யார் எத்தனை நாள் என்னென்ன சாப்பிடக்கூடாது என்று மைக்கில் வாசிப்பவர் அவர்தான். அலோன் பகுதியில் ஒரு கிடங்கில் வேலை. ஒரு நாள் மத்தியானம் ஆபீஸ்காரர்கள் நாலு பேரோடு எங்கள் கடைக்குள் நுழைந்தார்.

அவரைப் பார்த்ததும் தூணுக்குப் பின்னால் ஒதுங்கினேன். நான் எங்கே வேலை பார்க்கிறேன் என்று கோவில் பக்கம் யாருக்கும் தெரியாது. காபி கடை என்று சொல்லி வைத்திருந்தேன். ஆனால் அன்று அந்த மேஜை என்னுடையது. தலையைக் குனிந்துகொண்டு போய் நின்றேன். அண்ணன் நிமிர்ந்தார். மைக்கில் கணீரென்று ஒலிக்கும் குரல் காற்றாகப் போனது. கோழி இருக்கா என்றார். பக்கத்திலிருந்தவர் சிரித்துக்கொண்டே, இவர் எப்பவும் வாசியோதானே சாப்பிடுவார், அதையே கொடுங்க என்றார்.

கொடுத்தேன். கை கழுவப் போகிற சாக்கில் என்னைக் கடந்தவர், நிற்காமலே தமிழில் சொன்னார்: "நான் ஒன்னப் பாக்கலம்மா. நீயும் எனக்குப் பரிமாறல."

ருசி பார்த்த நாள்

பரீட்சை வந்தபோது நான் தீமிதிக்குக் காப்புக் கட்டி நாலு நாள் ஆகியிருந்தது. மஞ்சள் கயிற்றை யூனிஃபார்ம் சட்டைக் கைக்குள் மறைத்திருந்தேன். மூன்று வழி யோசித்து வைத்திருந்தேன்: வயிற்றுவலி என்பது, வாயில் வைத்து நாப்கினில் துப்புவது, தின்றுவிட்டு அம்மன் காலில் விழுவது. மூன்றும் எனக்கே பிடிக்கவில்லை. மறுபடி வேலையில்லாமல் வீட்டில் உட்காருவது அவற்றைவிடப் பிடிக்கவில்லை.

கடை திறக்கும் முன் முதலாளி தானே கறியை வெட்டித் தட்டுகளில் வைத்தார். மூத்தவர் என்று கோ ஜோவைத்தான் முதலில் கூப்பிட்டார். கோ ஜோ முள்கரண்டியைக் கையில் எடுத்தார், பார்த்தார், கீழே வைத்துவிட்டார். எங்கள் குடும்பம் வயல்காரர்கள், எங்களுக்காக உழுத மாட்டை நாங்கள் தின்பதில்லை என்றார். அப்படியானால் அந்த வெண்ணெய், புகைவாசம் எல்லாம் என்று முதலாளி கேட்டார். ஊ தின் சொல்லிக் கொடுத்தது என்றார் கோ ஜோ. முதலாளி ஊ தின்னைக் கூப்பிட்டார். அவர் மனைவி சீனர்களின் குவான்யின் அம்மனைக் கும்பிடுகிறவர், மாட்டுக்கறியைத் தொடமாட்டார். கல்யாணமான நாள் முதல் ஊ தின்னும் மாட்டுக்கறியை நாக்கில் வைத்ததில்லை. விரலால் அழுத்திப் பார்த்தே பதம் சொல்வாராம். வெண்ணெய் மாதிரி என்பது கடை திறந்த புதிதில் ஒரு பெண் வாடிக்கையாளர் சொன்னது. கொஞ்சம் யோசித்து ஊ தின் மெல்லச் சேர்த்தார், தான் எதிரிலேயே நின்றதால் அந்த அம்மா அப்படிச் சொல்லியிருக்கலாம் என்று.

முதலாளி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மிச்சம் நான். என் வாயிலிருந்து பொய் வரவில்லை, அதற்குத் தெம்பில்லை. சட்டைக் கையை மடித்துக் காப்பைக் காட்டினேன். நானும் சாப்பிட மாட்டேன், வேலைக்காகத் தலையாட்டினேன் என்றேன். அப்புறம் பயத்தில் பேச்சு நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வாசியோ பாதி திரும்பி வருகிறது, கொழுப்பை ஓரமாக ஒதுக்கிவிடுகிறார்கள் என்றேன். டின்னருக்கு வருகிறவர்கள் சிவப்பாகக் கேட்டுவிட்டு ஓரத்தை மட்டும் சாப்பிடுகிறார்கள் என்றேன். என்ட்ரானியா தட்டில் மிஞ்சுவதில்லை, ஆனால் அதைச் சாப்பிடும் மேஜைக்கு மட்டும் தண்ணீர் ஜக்கை மூன்று தரம் நிரப்புகிறேன், ரெண்டு மாசமாக உப்பு கூடிப்போயிருக்கிறது என்றேன். சொன்ன பிறகுதான் உறைத்தது, வேலை போகப் போகிற நேரத்தில் ஊ தின்னையும் மாட்டிவிட்டேனே என்று.

முதலாளி என்ட்ரானியா துண்டு ஒன்றைக் குத்தி வாயில் போட்டு மென்றார். மூன்று மாதமாக எத்தனையோ முகம் பார்த்திருக்கிறேன், எதுவும் அத்தனை நேரம் மென்றதில்லை. இன்னொரு துண்டு எடுத்தார். விழுங்கினார். நல்லா இருக்கு என்று ஊ தின்னைப் பார்த்துத் தலையசைத்தார். பிறகு என் பக்கம் திரும்பிச் சொன்னார்: "தண்ணி கொண்டு வாங்க, மா செல்வி."

அன்று சாயங்காலம் கடிதம் கொடுத்துவிட்டார்கள். நானும் நிரந்தரம், என் பயமும் நிரந்தரம்.