உலகநாதன் கடித்த கரும்பு

நுனிக்கரும்பைக் கடைவாயில் கொடுத்து நறுக்கென்று கடித்து, கண்ணை மூடி மென்று, சக்கையை வரப்பில் துப்பினார் உலகநாதன். "இன்னும் கொஞ்ச நாள் வுடுப்பா. நுனி சப்புனு கீது." தோட்டக்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். குருவிநத்தத்தில் உலகநாதன் கடித்துச் சொன்ன பிறகுதான் கரும்பில் கத்தி விழும்.

பிரெஞ்சுக்காரன் கொடி பறந்த காலம். அப்போதெல்லாம் அவரும் மகன் தணிகைவேலும் வரப்பில் உட்கார்ந்து பந்தயம் போட்டுக் கரும்பு கடிப்பார்கள். கஞ்சி கொண்டு வரும் அவர் மனைவி சின்னப்பிள்ளை, "மனுசங்களா, ஆலைங்களா?" என்று இருவரையும் திட்டுவாள். எவ்வளவு நல்ல நாட்கள் அவை!

பிறகு தணிகைவேல் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தா என்னும் சிப்பாயாகச் சேர்ந்து சைகோனுக்குக் கப்பலேறினான். சண்டை மூண்டது. கப்பலும் நின்றது, கடிதாசும் நின்றது. ஊரார் விசாரித்தால் உலகநாதன் சிரிப்பார். "எனக்கு இன்னா கவல? கப்பல் வுட்டா வந்துட்டுப் போறான்." வாய்தான் அப்படிச் சொன்னது. அவர் துப்பும் சக்கையில் ரத்தம் தெரிய ஆரம்பித்தது.

உப்பும் கருவேலம்பட்டைப் பொடியும் தேய்த்துப் பார்த்தார். ஈறு வீக்கம் வற்றவில்லை. பாகூர் டாக்டர் வாயைப் பார்த்துவிட்டு, "ராத்திரி தூங்குறியா?" என்று கேட்டார்.

"அடிச்சிப் போட்டாப்ல தூங்குறேங்க."

"பொய்யிங்க" என்று போட்டு உடைத்தாள் சின்னப்பிள்ளை. "ராவெல்லாம் பல்ல நறநறன்னு கடிக்கிறாரு. புள்ள சைகோன்ல கீறான்."

"அந்தக் கவலை இருக்கிற வரைக்கும் மருந்தால மட்டும் ஈறு ஆறாதும்மா" என்றார் டாக்டர்.

அன்று முதல் உலகநாதன் கரும்பு கடிக்கப் போகும் தோட்டத்துக்கெல்லாம் அவளும் ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு பின்னாலேயே போனாள். அவர் துப்பிய சக்கை மேல் காலால் மண்ணைத் தள்ளி மூடிவிடுவாள். அந்த ரத்தம் ஊர் கண்ணில் பட்டால் அந்த மனுஷனுக்கு மிச்சமிருக்கும் சிரிப்பும் போய்விடுமே என்று அவளுக்குப் பயம்.

சண்டை ஓய்ந்து ஒருநாள் தணிகைவேல் வந்து இறங்கினான், மெலிந்து, கறுத்து. உலகநாதன் அவனைக் கட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதார். ஆனாலும் ஈறு உடனே ஆறிவிடவில்லை. விட்டுப்போன தூக்கத்தையெல்லாம் அவர் தூங்கித் தீர்க்க வேண்டியிருந்தது.

அடுத்த தை மாதம் அப்பனும் மகனும் பழையபடி வரப்பில் பந்தயம் போட்டுக்கொண்டிருந்தார்கள். சின்னப்பிள்ளை பழக்க தோஷத்தில் மண்ணைத் தள்ளக் காலைத் தூக்கினாள். சக்கைகள் ஒரே குவியலாகக் கிடந்தன. எது அப்பன் துப்பியது, எது மகன் துப்பியது என்று தெரியவில்லை. எல்லாமே வெள்ளை.

தூக்கிய காலைக் கீழே வைத்தாள். கஞ்சிக் கலயத்தை இறக்கிவிட்டு, உலகநாதன் கையிலிருந்த கரும்பைப் பிடுங்கி, அவர் கடித்த இடத்திலேயே ஒரு கடி கடித்தாள்.